பள்ளி வாசலுக்கு முக்கால் மணி நேரம்

பெறுநர்:
ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி
கூடுதல் ஆணையர், போக்குவரத்துப் பிரிவு, சென்னைப் பெருநகரக் காவல்துறை

பொருள்: பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் பள்ளித் தெருக்களுக்குள் கார்களை விடாதிருப்பது, முதற்கட்டமாக ஒரு மாதச் சோதனை.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்தில், இரண்டு கார்கள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கியே தீர வேண்டிய அளவுக்குக் குறுகலான ஒரு தெருவில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும் தனியார் பள்ளி. அதற்கு நாலைந்து வீடு தள்ளி மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. பள்ளி நாட்களில் காலை 8.00 முதல் 8.45 வரையிலும், பிற்பகல் 3.15 முதல் 4.00 வரையிலும் இதுபோன்ற தெருக்களுக்குள் கார்கள் நுழையக் கூடாது என்று ஆணையிடுமாறும், அந்த ஆணையை முதலில் ஒரு மாதம் சோதித்துப் பார்க்குமாறும் உங்கள் இருவரையும் கேட்டுக்கொள்ளவே இந்தத் திறந்த மடலை எழுதுகிறேன்.

கார் வைத்திருப்பவர்கள் மேலுள்ள காழ்ப்பில் எழுதுகிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு ஆண்டுகள் என் மகளைக் காரில் கொண்டுபோய் விட்டவர்களில் நானும் ஒருத்தி. வீட்டிலிருந்து பள்ளி நடக்கிற தூரம்தான். ஆனாலும் அவளை இறக்கிவிட்டு அப்படியே கிண்டியிலுள்ள அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு. சென்ற ஆண்டு ஒரு நாள் அவளை இறக்கிவிட்ட பின், முன்னால் ஒரு வேன் வழியை அடைத்து நின்றதால், காரைப் பின்னுக்கு எடுத்தேன். கண்ணாடியில் யாரும் தெரியவில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து கத்திய சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தபோது, மாநகராட்சிப் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, தம்பியின் கையைப் பிடித்தபடி, வண்டிக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாருக்கும் அடிபடவில்லை. அவள் என்னைத் திட்டவுமில்லை, அழவுமில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு அடுத்த இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டாள். அது அவளுக்கு அன்றாட வழக்கம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து மகளை நடத்திக் கூட்டிப் போகிறேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை நெரிசல் என்று மட்டுமே தெரிந்த அந்தக் காட்சி, கால்நடையாகப் போகும்போது வேறு விதமாகத் தெரிகிறது. மணி எட்டேகாலைத் தாண்டியதும் தெருவின் இருபுறமும் கார்கள் ஒதுங்கி நிற்க, அவற்றை ஒட்டி இரண்டாவது வரிசையாக இன்னும் சில கார்கள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் எஞ்சும் சந்தில் இருசக்கர வாகனங்களும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வரும் ஆட்டோக்களும், வேன்களும், எதிர்த்திசையிலிருந்து வரும் குடிநீர் கேன் வண்டியும் முட்டிக்கொள்கின்றன. கார்க் கதவுகள் தெருப் பக்கமாகத் திறக்கின்றன. முதல் வகுப்புக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ மூன்றே முக்கால் அடி. இப்போது பெருகியிருக்கும் எஸ்.யூ.வி. கார்களின் பானெட்டோ மூன்றடிக்கு மேல். இரண்டு வண்டிகளுக்கு இடையிலிருந்து வெளிப்படும் குழந்தையை ஓட்டுநர் பார்ப்பதற்கு அரை நொடிகூடக் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, மாலையில் பிள்ளையை அழைத்துப் போக முன்கூட்டியே வந்துவிடுகிறவர்கள் ஏசியை ஓடவிட்டபடி காத்திருக்கிறார்கள். புகைக்குழாய் வெளிவிடுவது குழந்தைகள் மூச்சிழுக்கும் உயரத்துக்கு அருகிலேயே கலக்கிறது.

குடியிருப்புத் தெருக்களில் எந்த வாகனமும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 2023 நவம்பரில் சென்னைக் காவல்துறை வரம்பு விதித்தது நல்ல செயல். ஆனால் அந்த வரம்பை எங்கள் தெருவில் காலை எட்டரை மணிக்கு மீற நினைத்தாலும் முடியாது. அதற்கு இடமே இல்லை. எங்கள் சிக்கல், நிற்கிற, திரும்புகிற, பின்னுக்கு வருகிற வண்டிகளால் வருவது. அதற்கு வேக வரம்பு மருந்தாகாது. வண்டிகள் அந்த நேரத்தில் அங்கே இல்லாதிருப்பதுதான் மருந்து.

இந்த நெரிசலை உண்டாக்குகிறவர்களும் அதற்கு விலை கொடுக்கிறவர்களும் ஒரே கூட்டத்தார் அல்லர் என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கார்கள் அத்தனையும் தனியார் பள்ளிக்கு வருகிறவை. பெரும்பாலானவற்றில் ஒரு கார், ஒரு பிள்ளை. மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளோ ஏறக்குறைய எல்லோரும் நடந்து வருகிறவர்கள். தொடக்க வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் கீழான விதிகள் சொல்வதன் பொருளே, அந்தக் குழந்தைகள் நடந்து வருவார்கள் என்பதுதான். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு அவர்கள் முன்னைவிடச் சீக்கிரமாக, எட்டு மணியிலிருந்தே வரத் தொடங்கியிருக்கிறார்கள். பசியோடு வருகிற பிள்ளைகள், ஆகவே ஓடி வருகிறார்கள். அவர்கள் ஓடி வருகிற அதே நேரம்தான் எங்கள் கார்கள் இடம் தேடி அலைகிற நேரமும். பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கொடுக்கும் அரசு, அதைப் பள்ளி வாசல்வரை ஓட்டிப் போவதற்குத் தெருவையும் கொடுத்தால்தானே கணக்கு நேராகும்?

மாநகராட்சிக்கு இதில் புதிதாகக் கொள்கை எதுவும் வகுக்கவேண்டிய தேவைகூட இல்லை. நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் முன்னுரிமை தரும் போக்குவரத்துக் கொள்கையை இந்தியாவிலேயே முன்னோடியாக 2014-இல் ஏற்றுக்கொண்டது சென்னை மாநகராட்சிதான். அதன் பயனாகப் பல பெரிய சாலைகளில் நல்ல நடைபாதைகள் வந்தன. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் வந்துவிடும். கடைக்குப் போகிறவர்கள் கை வீசி நடக்க அத்தனை அகலமான பாதை அமைந்த ஊரில், பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு மூன்றடிக்கு வழியில்லை. எங்கள் தெருவில் நடைபாதை என்று சொல்லத்தக்கது மழைநீர் வடிகாலின் மூடிதான். அதன்மேலும் காரின் ஒரு பக்கச் சக்கரம் ஏறி நிற்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 115-ஆவது பிரிவில், பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, அல்லது சாலையின் தன்மையை முன்னிட்டோ, குறிப்பிட்ட பகுதியிலோ சாலையிலோ மோட்டார் வாகனங்கள் செல்வதைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும், விலக்குகள் அளிக்கவும், மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் உரிமை தருகிறது. அத்தடை ஒரு மாதத்துக்கு மேற்படாதபோது அரசிதழில் அறிவிக்கை வெளியிட வேண்டியதில்லை, உள்ளூரில் இயன்ற அளவு விளம்பரப்படுத்தினாலே போதும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நான் ஒரு மாதச் சோதனை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோப்பு நகர்வதற்குக் காத்திருக்காமல் தொடங்கிவிடலாம்.

தெருவை நேரம் குறித்து அடைப்பது இந்த ஊருக்குப் புதுமையுமல்ல. பங்குனியில் அறுபத்துமூவர் புறப்பாட்டன்று மயிலாப்பூர் மாடவீதிகளில் கார் ஓட்டிப் போக முடியுமா? தீபாவளிக்கு முன்பான வாரங்களில் தியாகராய நகரில் எந்தத் தெருவில் எப்போது திருப்பிவிடுவார்கள் என்பதை அறிந்துகொண்டே நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறோம். ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்குப் பந்தல் போட்டு மூன்று நாள் தெருவை மறித்தால், அம்மனுக்கு என்று சொல்லி எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறோம். யாரும் வழக்குப் போடுவதில்லை. 2014-இல் பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கார்களை நிறுத்திவைத்துச் சாலையைச் சிறுவர்களுக்குத் திறந்துவிட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். கனரக வாகனங்கள் பரபரப்பு நேரத்தில் நகருக்குள் வரக் கூடாது என்ற தடையும் நெடுநாளாக இருப்பதுதான். 2025 ஜூனில், பெரம்பூரில் தாயின் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சிறுமி தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்த பிறகு, பள்ளி நேரங்களில் அந்தத் தடையைக் காவல்துறை இன்னும் இறுக்கியது. 2012-இல் தாம்பரத்தை அடுத்துப் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே வந்தன. நம் ஊரில் பிள்ளைகளுக்கான விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பிள்ளையின் சாவு இருக்கிறது. ஒரு விதியாவது அப்படியில்லாமல் வரட்டும் என்று நான் ஆசைப்படுவது பிழையாகாது என்று நினைக்கிறேன்.

வெளிநாடுகளில் இதைப் 'பள்ளித் தெரு' என்றே அழைக்கிறார்கள். வட இத்தாலியின் போல்சானோ நகரில் 1980-களின் இறுதியில் தொடங்கிய வழக்கம் இது. லண்டனில் இன்று 500-க்கும் மேற்பட்ட பள்ளித் தெருக்கள் இருக்கின்றன. அங்கே 18 பள்ளிகளில் கருவிகள் வைத்து அளந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு 23 விழுக்காடு வரை குறைந்ததாகச் சொன்னது. பாரிஸ் மாநகரம் 2020 முதல் 200-க்கும் மேற்பட்ட பள்ளித் தெருக்களை அமைத்தது. அவற்றுள் பலவற்றில் கார்களை நிரந்தரமாகவே விலக்கி மரம் நட்டிருக்கிறார்கள். மேலும் 500 தெருக்களை நடப்பவர்களுக்கு விடலாமா என்று 2025 மார்ச்சில் அங்கே வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு நால்வர்தான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஊர்களை அப்படியே இங்கே பெயர்த்து நடும்படி நான் கேட்கவில்லை. லண்டனில் வண்டி எண்ணைப் படிக்கும் கேமரா அபராதச் சீட்டை வீட்டுக்கு அனுப்பிவிடும். நமக்கு அதெல்லாம் வேண்டாம். தெருமுனையில் ஓர் இரும்புத் தடுப்பும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆளும் போதும். நகைக்கடைப் பெயரும் துணிக்கடைப் பெயரும் எழுதிய தடுப்புகள் காவல்துறையிடம் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் இரண்டைத் தந்தால் எங்கள் தெருவுக்குப் போதுமானது.

நம் தெருவுக்கு ஏற்ற விதி எது என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தடை நான்கு சக்கரத் தனி வாகனங்களுக்கு மட்டும் இருந்தால் போதும் என்பது என் கருத்து. இருசக்கர வாகனத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர்தான் இங்கே எண்ணிக்கையில் மிகுதி. அவர்களையும் முதல் நாளே தடுத்தால் திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. அவர்கள் தெருமுனையில் நிறுத்தி, பிள்ளையை நடத்திக் கூட்டி வரும்படி முதலில் கேட்டுக்கொள்ளலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். பள்ளி வேன்களும் ஆட்டோக்களும் ஒரு வண்டியில் பலரை ஏற்றி வருகின்றன. ஓட்டுகிற அண்ணன்மார்களுக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வீடும் தெரியும். அவர்களைக் காரோடு சேர்த்துத் தண்டிப்பது முறையாகாது. தெருவின் இரு முனைகளிலும் வெள்ளைக்கோடு போட்டு அவர்கள் பிள்ளைகளை இறக்கிவிட ஓர் இடம் ஒதுக்கினால், அங்கிருந்து பள்ளி வாசல் வரை ஆயாவோ ஆசிரியரோ வரிசையாக நடத்திக் கூட்டிப் போகலாம். தெருவில் குடியிருப்பவர்களின் வாகனம், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கொண்டுவரும் வாகனம் ஆகியவற்றுக்கு எந்த நேரமும் விலக்கு இருக்க வேண்டும். உடம்பு சரியில்லாத பிள்ளையை அழைத்து வருபவரிடம் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. தடுப்பின் அருகில் நிற்பவருக்குக் கண் இருக்கிறது, அவர் முடிவெடுக்கட்டும்.

கார் நெரிசல் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளப்படும், அவ்வளவுதான் என்று முதலில் சொல்லப்படும். ஓரளவுக்கு அது உண்மைதான். ஆனால் இன்று எல்லாக் கார்களும் ஒரே வாசலைக் குறிவைத்து வருவதால்தான் அடைப்பு ஏற்படுகிறது. வாசல்வரை போக முடியாது என்று தெரிந்தவர் ஐந்தாறு தெருக்களில் தமக்கு வசதியான ஏதோவோர் இடத்தில் பிள்ளையை இறக்கிவிடுவார், சிலர் காரை எடுக்காமலே விட்டுவிடுவார்கள். பல நாடுகளின் பள்ளித் தெருக்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2020-இல் எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிக்கையும், இடம்பெயர்ந்த போக்குவரத்தால் பாதுகாப்புக்குக் குறிப்பிடத்தக்க கேடு வரவில்லை என்றே சொல்கிறது. சென்னைக்கும் இது பொருந்துமா என்பதை ஒரு மாதம் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தடைக்கு முன்பு ஒரு வாரம், தடையின்போது ஒரு வாரம், எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் வண்டிகளையும் நடந்து வரும் பிள்ளைகளையும் எண்ணும்படி மாநகராட்சிப் பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மழையும் பையும்தான் மற்றத் தாய்மார்கள் என்னிடம் அதிகம் சொன்ன கவலைகள். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் யாரும் பிள்ளையை நடத்திக் கூட்டி வர வேண்டியதில்லை. தெருவில் தண்ணீர் தேங்கும் நாட்களில் தடையை விலக்கிக்கொள்ளலாம். பையைப் பொறுத்தவரை, பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பையின் எடை இருக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பை கொள்கை சொல்லியிருக்கிறது. இருநூறடி நடக்க முடியாத அளவுக்குப் பை கனக்கிறது என்றால், முறையிட வேண்டியது பள்ளியிடம். காலையில் ஓடுகிற, வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது கூடுதல் சுமை என்றும் சொல்வார்கள். நானும் அந்த ஓட்டத்தில் இருப்பவள்தான். எனக்கு நடைமுறையில் ஆன இழப்பு ஏறத்தாழ பத்து நிமிடம். அதில் பாதியை, முன்பு அந்தத் தெருவிலிருந்து காரை வெளியே எடுப்பதற்கே செலவிட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஈ.வெ.ரா. பெரியார் சாலையைப் போன்ற பெருஞ்சாலைகளைப் பார்த்து வாசல் வைத்த பள்ளிகளுக்காக அந்தச் சாலைகளை மூட முடியாது. அங்கே வேண்டியவை வேறு. மாற்று வழியுள்ள, பேருந்து ஓடாத உட்தெருக்களில் இருக்கும் பள்ளிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பெரம்பூரிலும் அப்படிப்பட்ட தெருக்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. மண்டலத்துக்கு ஒன்று என்று தொடங்கினாலும் போதும்.

ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று காவல்துறையை மட்டும் தனியே வேண்டிக்கொள்கிறேன். நெரிசல் முற்றியபின் அதை அவிழ்க்க இப்போதும் ஒரு காவலர் தினமும் வருகிறார்; விசிலும் தொண்டையும் கிழிய அரை மணி நேரம் போராடுகிறார். அவரே எட்டு மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிட்டால் அந்தப் போராட்டமே தேவைப்படாது. துணைக்குப் போக்குவரத்து வார்டன்கள் இருக்கிறார்கள், பெற்றோர்கள் இருக்கிறோம். பல பள்ளிகளில் சாலைப் பாதுகாப்புப் படை என்ற பெயரில் மாணவர்களுக்குச் சீருடை கொடுத்து வாசலில் நிறுத்துகிறார்கள். ஆனால் காரை மறிக்கும் வேலையை ஒரு பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் தடுப்புக்கு உட்பக்கம், சின்ன வகுப்புக் குழந்தைகளைக் கடக்கச் செய்யட்டும்.

பள்ளி நிர்வாகங்களிடமும் நீங்கள்தான் பேச வேண்டும். வாசலுக்கு வெளியே நடப்பதற்குப் பள்ளி பொறுப்பேற்காது என்ற பலகையைப் பல இடங்களில் பார்க்கிறோம். எந்தப் பிள்ளை எதில் வருகிறது, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்ற கணக்கைப் பள்ளியால் ஒரு நாளில் எடுத்துவிட முடியும். கீழ் வகுப்புகளுக்கும் மேல் வகுப்புகளுக்கும் விடும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளி வைப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. நாங்கள் பெற்றோர் சிலர் கேட்டபோது, எல்லாப் பெற்றோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று பதில் வந்தது. காவல்துறையின் கடிதத் தாளில் அதே கேள்வி போனால் பதில் வேறாக இருக்கும்.

சோதனைக்கு ஏற்ற காலம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகளின் அழுகையும் பெற்றோரின் பதற்றமுமாகப் போய்விடும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின்போது, தியாகராய நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதைக்கு இருபுறமும் உங்களுக்கே வேலை தலைக்கு மேல் இருக்கும். அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும். சுதந்திர தினத்துக்கு அடுத்த வாரம் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் நான்கு வாரம் கிடைக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்பே தெருமுனையில் அறிவிப்புப் பலகை வைத்து, வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்க வேண்டும்; அந்த வேலையை நாங்களே செய்கிறோம். தெருவாசிகள் எதிர்ப்பார்களோ என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். கேட்டுக்கு முன்னால் வண்டி நிறுத்தாதீர்கள் என்று எழுதி எழுதிச் சலித்துப்போன அவர்கள்தான் நான் இந்த மடலை எழுதுகிறேன் என்றதும் முதலில் கையெழுத்துப் போட்டவர்கள். அன்று என்னைக் கத்தி நிறுத்திய திண்ணைப் பெரியவரும் அவர்களில் ஒருவர். காலையில் தடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், எனக்கு வேறு வேலை இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அவரையும் சேர்த்து ஆறு பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலை இந்த மடலின் நகலோடு மண்டல அலுவலகத்திலும் போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் கொடுத்து ஒப்புகை பெற்றிருக்கிறோம். எந்த நாளில் வந்து தெருவைப் பார்வையிடுகிறீர்கள் என்று தெரிவித்தால் காத்திருக்கிறோம். காலை எட்டரை மணிக்கு வருவதாக இருந்தால், காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
மேற்கு மாம்பலம், சென்னை